யார் இந்த இளவரசி நிலோஃபர்? குழந்தை இல்லாத ஒருவர் பெயரில் ஹைதராபாத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வந்தது எப்படி?

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் நிலோஃபர் என்று சொன்னால் முதலில் டீ தான் ஞாபகத்துக்கு வரும். லக்டி கா புல் பக்கத்து கஃபே நிலோஃபர், இரானி சாய், பன் மஸ்கா, கூடவே ஒஸ்மானியா பிஸ்கட். வார இறுதியில் சென்னையில் இருந்து யாராவது வந்தால் அங்கே கூட்டிக்கொண்டு போவது ஏறக்குறைய சடங்கு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கடைக்குப் பக்கத்தில் ரெட் ஹில்ஸ் பகுதியில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது (நம்ம ஊர் செங்குன்றம் இல்லை, இது வேற ரெட் ஹில்ஸ்). பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நிலோஃபர் மருத்துவமனை. தெலங்கானாவின் மூலைமுடுக்குகளில் இருந்தும் பக்கத்து மாநில மாவட்டங்களில் இருந்தும் பச்சைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் ஓடி வருகிறார்கள்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் டாக்டர் இல்லை. அரசியல்வாதியும் இல்லை. இஸ்தான்புல்லில் பிறந்து, பிரான்ஸில் வளர்ந்து, 16 வயதில் ஹைதராபாத்துக்கு மருமகளாக வந்த ஒரு ஓட்டோமான் இளவரசி. அவருக்குக் குழந்தை பிறக்கவே இல்லை. தேடிப் பார்த்தால் முதலில் வருவதெல்லாம் அவருடைய அழகு, அவருடைய புடவைகள், உலகின் அழகான பெண்களில் ஒருவர் என்ற பேச்சு. அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் ஆஸ்பத்திரியைப் பார்ப்போம்.

நாடு போன கதை

நிலோஃபர் பிறந்தது 1916 ஜனவரி 4, இஸ்தான்புல்லின் கோஸ்டெப்பே அரண்மனையில். அம்மா அதீலே சுல்தான், ஓட்டோமான் சுல்தான் ஐந்தாம் முராதின் வம்சம். அப்பா நிலோஃபருக்கு 2 வயது இருக்கும்போதே இறந்துவிட்டார். முதல் உலகப் போரில் தோற்ற ஓட்டோமான் பேரரசு சிதறியது. துருக்கி குடியரசானது. 1924 மார்ச்சில் கிலாஃபத் ஒழிக்கப்பட்டு, அரச குடும்பத்தினர் எல்லோரும் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 8 வயது நிலோஃபரும் அம்மாவும் போய்ச் சேர்ந்தது தெற்கு பிரான்ஸின் நீஸ் நகரம். பட்டம் இருந்தது, காசு இல்லை.

இதே நேரத்தில் இந்தியாவில் கிலாஃபத்துக்காகப் பெரிய இயக்கமே நடந்து முடிந்திருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் காந்தி, அலி சகோதரர்கள் என்று படித்திருப்போமே, அதேதான். அலி சகோதரர்களில் மூத்தவரான சவுகத் அலி, நீஸில் இருந்த முன்னாள் கலீஃபா இரண்டாம் அப்துல்மஜீதுக்கு ஹைதராபாத் நிஜாமிடம் இருந்து மாத உதவித்தொகை கிடைக்க முயற்சி எடுத்தவர்களில் ஒருவர். பிறகு கல்யாணப் பேச்சையும் அவர்தான் கையில் எடுத்தார்.

ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் அன்றைக்கு உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர்; 1937-ல் டைம் பத்திரிகை அவரை அட்டையில் போட்டது. அவருடைய மூத்த மகன் ஆசம் ஜாவுக்கு கலீஃபாவின் மகள் துர்ருஷெஹ்வாரைக் கேட்டார்கள். மஹராகக் கேட்கப்பட்ட தொகை அதிகம் என்று நிஜாம் தயங்கியதாகவும், அதே தொகைக்குள் இரண்டாவது மகனுக்கும் அதே குடும்பத்தில் பெண் எடுக்கலாம் என்று சவுகத் அலி சமாதானம் செய்ததாகவும் சொல்வார்கள். நிஜாமின் சிக்கனம் பற்றி ஊரில் ஆயிரம் கதை உண்டு, அதில் இதுவும் ஒன்று. ஆக, 1931 நவம்பர் 12 அன்று நீஸில் ஒரே நாளில் இரண்டு நிக்காஹ். துர்ருஷெஹ்வார் ஆசம் ஜாவுக்கு; நிலோஃபர் இளையவர் மொவஸ்ஸம் ஜாவுக்கு. நிலோஃபருக்கு அப்போது 15 வயது, மாப்பிள்ளைக்கு 23.

இந்தியாவுக்கு வந்தது பில்ஸ்னா என்ற கப்பலில். லண்டனில் இரண்டாவது வட்டமேசை மாநாட்டை முடித்துக்கொண்டு காந்தி திரும்பியதும் அதே கப்பலில்தான். பம்பாயில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் ஹைதராபாத். சவுமஹல்லா அரண்மனையில் வலீமா விருந்து நடந்தது 1932 ஜனவரி 4. நிலோஃபருக்கு அன்று 16 வயது முடிந்தது.

விசேஷம் உண்டா என்ற கேள்வி

கல்யாணமாகி ஆறு மாதத்தில் நம் வீடுகளில் ஆரம்பிக்கும் அந்தக் கேள்வியை இங்கே விளக்க வேண்டியதில்லை. அரண்மனையில் அது இன்னும் கனமாக இருந்திருக்கும். அங்கே குழந்தை என்றால் வாரிசு.

ஒரே நாளில் கல்யாணமான துர்ருஷெஹ்வாருக்கு 1933-ல் மூத்த மகன் முகர்ரம் ஜா பிறந்தார். 1939-ல் இரண்டாவது மகன் முஃபக்கம் ஜா. நிலோஃபருக்கு எதுவும் இல்லை. ஐரோப்பாவுக்குப் போய் மருத்துவர்களைப் பார்த்தார். பலன் இல்லை. சோதனைக்குழாய்க் குழந்தை என்று ஒன்று பிறக்க 1978 வரை காத்திருக்க வேண்டும். 1930களில் குழந்தையின்மைக்கு மருத்துவத்திடம் இருந்த பதில்கள் மிகக் குறைவு. அதைவிடக் குறைவு, ஆணையும் சேர்த்துப் பரிசோதிக்கும் பழக்கம். இன்றைக்கும் எத்தனையோ தம்பதிகளில் மனைவி நான்கு டாக்டரைப் பார்த்து முடித்த பிறகுதான் கணவருக்கு முதல் பரிசோதனையே நடக்கிறது. உலகில் வயது வந்தவர்களில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் குழந்தைப்பேறு சிக்கலைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. இவ்வளவு பரவலான ஒன்றை இவ்வளவு ரகசியமாக வைத்திருக்கிறோம்.

நிலோஃபர் வீட்டுக்குள் முடங்கவில்லை. நௌபத் பஹாட் குன்றின் மேல் இருந்த ஹில் ஃபோர்ட் அரண்மனைதான் அவர்கள் வீடு. பிறகு அது ரிட்ஸ் ஹோட்டலாக மாறியது. கணவர் மொவஸ்ஸம் ஜா நகர மேம்பாட்டு வாரியத் தலைவர். ஊரில் இருக்கும் மொவஸ்ஸம் ஜாஹி மார்க்கெட் அவர் பெயரில்தான் இருக்கிறது. மேட்டுக்குடி முஸ்லிம் பெண்கள் பெரும்பாலும் பர்தாவில் இருந்த நகரத்தில், நிலோஃபர் பர்தா இல்லாமல் விழாக்களுக்குப் போனார், பெண்கள் அமைப்புகளில் கலந்துகொண்டார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஐரோப்பா போகும் வழி அடைபட்டது. அந்த நேரத்தில் நர்ஸிங் பயிற்சி எடுத்து, போர்க்கால நிவாரண வேலைகளில் இறங்கினார். புடவைக் கதைகளில் இந்த ஒரு வரி பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள அந்த வரி முக்கியம்.

1949: அரண்மனையில் ஒரு மரணம்

நிலோஃபரிடம் வேலை பார்த்த பணிப்பெண் ரஃபத்உன்னிசா பேகம். இளவரசிக்கு நெருக்கமானவர் என்று சொல்வார்கள். கர்ப்பமாக இருந்தார். 1949-ல் பிரசவத்தின்போது ஏற்பட்ட சிக்கலில், சரியான மருத்துவ வசதி கிடைக்காமல் இறந்துபோனார்.

செய்தி கேட்ட நிலோஃபர் உடைந்துபோனார் என்றும், இன்னொரு ரஃபத் இப்படிச் சாகக் கூடாது என்று அப்போதே முடிவெடுத்தார் என்றும், மாமனார் நிஜாமிடம் விஷயத்தைக் கொண்டுபோனார் என்றும் ஹைதராபாத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அரண்மனை வட்டாரக் கதை என்பதால் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் அடிப்படை விஷயத்தில் சந்தேகம் இல்லை: அந்த மரணத்தில் இருந்துதான் ஆஸ்பத்திரி பிறந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கு. ரஃபத்உன்னிசா வேலை பார்த்தது ஏதோ ஒரு வீட்டில் இல்லை. உலகப் பணக்காரர் ஒருவரின் மருமகள் வீட்டில். கூப்பிட்டால் டாக்டர் வரும் வீடு. நர்ஸிங் தெரிந்த எஜமானி. அப்படியும் அவர் இறந்தார். பணக்கார வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் மட்டும் வைத்தியம் கிடைத்துவிடாது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் தேட வேண்டாம்.

அன்றைய நிலவரம் எண்களில்

1946-ல் வெளியான போர் குழு அறிக்கை, இந்தியாவில் 1,000 உயிர்ப்பிறப்புக்கு சுமார் 20 தாய்மார் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. இன்று நாம் பயன்படுத்தும் கணக்கில் சொன்னால், 1 லட்சம் பிறப்புக்கு 2,000. வருடத்துக்கு ஏறக்குறைய 2 லட்சம் பெண்கள். பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் சுமார் 5,000 பேர்தான், அதாவது 60,000 மக்களுக்கு ஒருவர் என்றும் அந்த அறிக்கை சொன்னது. ஹைதராபாத் தனி சமஸ்தானம் என்பதால் இந்த எண்ணை அப்படியே அங்கே ஒட்ட வைக்க முடியாது. ஆனால் அளவு புரியும்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் கோபம் வரும். 1930களின் நடுவில் இங்கிலாந்து, வேல்ஸில் 1 லட்சம் பிறப்புக்கு 400-க்கும் மேல் இருந்த தாய்மார் இறப்பு, 1950-க்குள் 100-க்கும் கீழே வந்துவிட்டது. சல்ஃபா மருந்து, பிறகு பென்சிலின், ரத்தப்போக்கை நிறுத்தும் எர்கோமெட்ரின், ரத்தம் ஏற்றும் வசதி, பயிற்சி பெற்ற மருத்துவச்சி. பிரசவத்தில் பெண்களைக் கொல்லும் பெரிய காரணங்கள் ரத்தப்போக்கு, உயர் ரத்த அழுத்தம், கிருமித்தொற்று. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 1949-ல் உலகத்தில் வைத்தியம் தெரிந்திருந்தது. ரஃபத்உன்னிசா இருந்த இடத்துக்கு அது வந்து சேரவில்லை.

ஹைதராபாத்தில் ஆஸ்பத்திரியே இல்லாமல் இல்லை. மூசி நதிக்கரையில் பெண்களுக்கென்று விக்டோரியா ஸெனானா மருத்துவமனை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1920களில் உஸ்மானியா பொது மருத்துவமனை வந்தது. நம் சென்னையிலும் இதே கதைதான்: எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல், திருவல்லிக்கேணியில் இப்போது கஸ்தூரிபா காந்தி பெயரில் இருக்கும் மருத்துவமனை 1885-ல். அந்தத் திருவல்லிக்கேணி ஆஸ்பத்திரியைப் பாட்டிமார் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். கோஷா என்றால் பர்தா. ஆண் டாக்டரிடம் காட்ட முடியாத பெண்களுக்காகத் தொடங்கியது என்பதால் அந்தப் பெயர். கட்டடம் இருப்பது ஒரு பக்கம். வலி வந்தவுடன் அங்கே போகலாம் என்று வீட்டில் முடிவெடுப்பது, வண்டி கிடைப்பது, போய்ச் சேர்ந்த இடத்தில் உள்ளே சேர்த்துக்கொள்வது எல்லாம் இன்னொரு பக்கம். உலகம் முழுக்க மகப்பேறு மருத்துவர்கள் இப்போதும் பேசும் மூன்று தாமதங்கள் இவைதான்.

கல்யாணம் முறிந்தது, ஆஸ்பத்திரி எழுந்தது

இந்த வருடங்களில் நிலோஃபரின் சொந்த வாழ்க்கை சரிந்துகொண்டிருந்தது. 1948-ல் மொவஸ்ஸம் ஜா ரஸியா பேகத்தை மணந்தார்; அந்தத் திருமணத்தில் பெண் குழந்தைகள் பிறந்தன. அதே 1948 செப்டம்பரில் இந்திய ராணுவத்தின் போலோ நடவடிக்கையில் ஹைதராபாத் சமஸ்தானமும் முடிவுக்கு வந்தது. குழந்தையாக ஒரு பேரரசு கலைந்ததைப் பார்த்தவர், 32 வயதில் இன்னொன்று கலைவதையும் பார்த்தார். நிலோஃபர் பிரான்ஸில் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தார். 1952-ல் விவாகரத்து.

நிலோஃபர் மருத்துவமனை தொடங்கியது 1953. அதாவது, கதவு திறந்தபோது அவர் அந்தக் குடும்பத்து மருமகளே இல்லை. அப்படியும் பெயர் மாறவில்லை. விவாகரத்தான மருமகளின் பெயர் கல்யாணப் பத்திரிகையில் இருந்தே அழிக்கப்படும் நாட்டில், 1953-ல் ஒரு பொது ஆஸ்பத்திரியின் முகப்பில் அது நின்றது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. மாமனாருக்கு மருமகள்மேல் இருந்த பிரியம் என்று சிலர் சொல்வார்கள். அதைப் பற்றி மேலே ஊகிக்க வேண்டாம்.

ஆரம்பத்தில் 100 படுக்கைகள். இடம், முந்தைய ஹில் ஃபோர்ட் வீட்டுக்கு ரொம்ப தூரமில்லாத ரெட் ஹில்ஸ். ஒரே வளாகத்தில் தாய்க்கும் குழந்தைக்கும் வைத்தியம் என்பதுதான் அதன் விசேஷம். பிரசவம் ஒரு ஆஸ்பத்திரி, குறைமாதக் குழந்தைக்கு இன்னொரு ஆஸ்பத்திரி என்று அலையும் நிலையில் குழந்தை பெற்ற குடும்பங்களுக்குத் தெரியும், இந்த ஒரு விஷயம் எவ்வளவு பெரிய உதவி என்று. ஆஸ்பத்திரி பிறகு உஸ்மானியா மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பயிற்சி மருத்துவமனை ஆனது. இந்தப் பகுதியின் குழந்தை நல மருத்துவர்கள் பலர் இங்கே படித்தவர்கள்.

நிலோஃபர் 1963-ல் பாரிஸில் எட்வர்ட் போப் என்ற அமெரிக்கரை மணந்தார். அந்த வாழ்க்கை அமைதியானது, அதனால் எழுத அதிகம் இல்லை. 1989 ஜூன் 12 அன்று பாரிஸில் இறந்தார். வயது 73. பாரிஸை ஒட்டிய போபிஞி முஸ்லிம் கல்லறையில் அடக்கம். குழந்தை இல்லை.

இப்போது ரஃபத்உன்னிசா இருந்தால்?

அந்தக் கேள்விக்கு எண்கள் ஓரளவு பதில் சொல்லும். மாதிரிப் பதிவு அமைப்பின் 2018-20 கணக்குப்படி இந்தியாவில் 1 லட்சம் பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தார்கள். தெலங்கானாவில் 43. தமிழ்நாட்டில் 54. (ஆமாம், அந்தக் கணக்கில் தெலங்கானா நம்மைவிடக் கீழே இருந்தது. சுகாதாரத்தில் நாமதான் முன்னணி என்று பேசும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.) கேரளத்தில் 19. தெலங்கானாவில் 97 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன என்று தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று சொல்கிறது. 2,000-த்தில் இருந்து இரண்டு இலக்கத்துக்கு வந்திருக்கிறோம். சாதாரணப் பயணம் இல்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கு. தெலங்கானாவில் நடக்கும் பிரசவங்களில் 60.7 சதவீதம் சிசேரியன், நாட்டிலேயே அதிகம். தனியார் மருத்துவமனைகளை மட்டும் பார்த்தால் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. தேசிய அளவு 21.5. ஒரு காலத்தில் வைத்தியம் கிடைக்காமல் பெண்கள் இறந்த ஊரில், இப்போது தேவையில்லாத அறுவையா என்று கேட்க வேண்டிய நிலை. ஹைதராபாத்தில் ஆஸ்பத்திரி தேர்வு செய்யும்போது அந்த மருத்துவமனையின் சிசேரியன் விகிதம் என்ன, சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், பச்சைக்குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கா என்று ஏழாம் மாதத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பில்லை. கோபப்படும் டாக்டரிடம் இருந்து சீக்கிரமே விலகிவிடலாம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். பார்க்கப்போனால் அது ஒரு ஆதரவு ஏற்பாடு: கூட ஒரு அனுபவசாலி, பத்தியச் சாப்பாடு, மூன்று மாத ஓய்வு. ஐடி வேலையில் இருவரும் கச்சிபௌலியில் இருந்தால் அது தலைகீழாகி, வயதான அம்மாவும் அத்தையும் ரயில் ஏறி வருகிறார்கள். மொழி தெரியாத ஊரில், 14ஆவது மாடியில், அவர்களுக்கே உதவி தேவைப்படுகிறது. சம்பளத்தோடு 26 வாரம் மகப்பேறு விடுப்பு என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. அப்பாக்களுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் துறையில் சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை, கம்பெனி கொடுப்பதுதான். ஆஃபர் லெட்டரில் இதை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கணும்.

இவ்வளவும் நம்மைப் பற்றி. ரஃபத்உன்னிசாவின் வேலையை இன்று செய்பவர் உங்கள் ஃப்ளாட்டில் காலை 7 மணிக்குப் பாத்திரம் கழுவ வருகிற அக்கா. அவருக்கு அந்த 26 வாரம் கிடையாது, ஏனென்றால் வீடு என்பது சட்டத்தின் கண்ணில் நிறுவனம் இல்லை. எட்டாம் மாதம் வரை வேலைக்கு வந்து, பிறகு ஒருநாள் நின்றுவிடுவார். அடுத்த நாள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் வேறு ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்று ஒரு மெசேஜ் வரும். 1949-ல் ஒரு எஜமானி யோசித்த அளவுக்குக்கூட நாம் யோசிக்கிறோமா என்பது எனக்குத் தெரிந்த ஹைதராபாத் தமிழ்க் குழுக்களில் எழாத கேள்வி.

அவருக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. தெலங்கானாவில் 102-க்கு அழைத்தால் கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்கும் பிரசவத்துக்கும் இலவசமாக அழைத்துப்போக வண்டி வரும். ஆரோக்கிய லட்சுமி திட்டத்தில் 2015-ல் இருந்து அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஒரு வேளை முழுச் சாப்பாடு, பால், முட்டை. அரசு மருத்துவமனையில் பிரசவித்தால் ஆண் குழந்தைக்கு 12,000, பெண் குழந்தைக்கு 13,000 ரூபாய் என்று 2017-ல் கேசிஆர் கிட் திட்டம் வந்தது. இந்த மாதிரித் திட்டங்களின் பெயரும் தொகையும் ஆட்சிக்கு ஆட்சி மாறும், அதனால் பகுதி ஆஷா பணியாளரிடமோ அங்கன்வாடியிலோ பெயரைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. அவர் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர், ஊருக்குப் போய்ப் பிரசவிக்கப்போகிறார் என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது. அதற்கு அங்கே கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே பதிவு செய்ய வேண்டும். எட்டாம் மாதம் பஸ் ஏறிப் போனால் தவணைகள் போய்விடும். அந்தப் பதிவைச் செய்ய ஒருநாள் சம்பளத்தோடு லீவு கொடுப்பது நம் கையில் இருக்கிற விஷயம்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு ஃப்ளாட்டின் இரண்டு பக்கமும் ஒன்றுதான். தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, குழந்தைமேல் ஒட்டாத உணர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் களைப்பு இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபரில் இருந்து 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது, 20 மொழிகளில் பேசலாம்.

நிலோஃபர் மருத்துவமனையில் 2017-ல் தாத்ரி என்ற பெயரில் தாய்ப்பால் வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. குறைமாதத்தில் பிறந்து, அம்மாவின் பால் கிடைக்காத குழந்தைகளுக்கு வேறு தாய்மார் தரும் பாலைப் பதப்படுத்திக் கொடுக்கிறார்கள். பால் அதிகமாகச் சுரக்கும் ஆரோக்கியமான தாய்மார், பரிசோதனைக்குப் பிறகு, அங்கே கொடுக்கலாம். மெட்ரோவில் போனால் சிவப்புத் தடத்தில் லக்டி கா புல் ஸ்டேஷனில் இறங்க வேண்டும்.